அந்திக்கிறிஸ்துவுக்குக் கட்டிய காப்பு

ஐம்பதுகளின் நடுப்பகுதி. அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த காலம். எனக்கு இருபத்தாறு வயது, கல்யாணமாகி ஒரு வருடம். என் கவ்வாத்துக் கத்தியைவிட என் வாய் கூர்மை என்று மனைவி சொல்லுவாள். அவள் சொன்னதில் தப்பில்லை. அந்த வாயால் வந்த வினையைத்தான் சொல்லப்போகிறேன்.

நான் மாரியம்மனைக் கும்பிடுகிறவன். மாசி மாதம் தோட்டத்தில் காமன் கூத்து நடந்தால் எமன் வேஷம் எனக்குத்தான். நாலு வருடம் தொடர்ந்து கட்டினேன். நான் பந்தலுக்குள் இறங்கினால் முன்வரிசைப் பிள்ளைகள் தாய்மார் மடிக்குள் ஓடி ஒளியும். பெருமைக்காகத்தான் சொல்கிறேன், வேறு எதற்கு?

எங்கள் தோட்டத்து மேட்டு லயத்து வரிசை வீடுகளில் பத்துப் பன்னிரண்டு கத்தோலிக்கக் குடும்பங்கள் இருந்தன. தகரக் கூரை போட்ட சின்னக் கோயில் ஒன்று அவர்களுக்கு. சாமியார் மாதத்துக்கு ஒருமுறைதான் டவுனிலிருந்து வருவார். மற்ற நாட்களில் ஜெபம் சொல்லுவது உபதேசியார். அவரும் எங்களோடு மலையில் வேலை செய்கிறவர்தான், என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். ஒல்லியான மனிதர், நாலு பேர் முன்னால் பேசினால் கை நடுங்கும். ஆனால் பொய் மட்டும் வாயில் வராது. தேத்தண்ணி குடித்தீர்களா என்று கேட்டால், முக்கால் கோப்பை குடித்தேன் என்று பதில் சொல்லுகிற ஆள்.

அந்த வருடம் ஐப்பசியில் அவர்கள் கோயில் திருநாளுக்கு உலக முடிவு நாடகம் போட முடிவு செய்தார்கள். உபதேசியாரே எழுதினார். சம்மனசு என்கிற தேவதூதன், தீர்க்கதரிசிகள், ஏழு தலை மிருகம் எல்லாவற்றுக்கும் ஆள் கிடைத்துவிட்டது. அந்திக்கிறிஸ்து வேஷத்துக்கு மட்டும் ஒருவரும் கிட்டே வரவில்லை. ஆண்டவருக்கு எதிரியாக நடித்து, அன்றைக்கே உயிர் போனால் நேரே நரகம்தானே என்று பயம். ஒருவர் துணிந்து தலையாட்டினார். அவர் மனைவி அன்று இரவே மூட்டையைக் கட்டிக்கொண்டு தாய்வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். கடைசியில் உபதேசியார் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார்.

அந்திக்கிறிஸ்து யார் என்று அவர்தான் எனக்குச் சொன்னார். கடைசிக் காலத்தில் ஒருவன் வருவானாம். தானே கடவுள் என்பானாம். பொய் அற்புதங்கள் செய்து சனங்களை மயக்குவானாம். அவனுடைய முத்திரையைக் கையிலோ நெற்றியிலோ வாங்கிக்கொள்ளாதவன் ஒரு சாமான் வாங்கவும் முடியாது, விற்கவும் முடியாது. பிறகு ஆண்டவர் வந்து தன் மூச்சாலேயே அவனைச் சாய்த்துவிடுவார். கேட்டதும் எனக்கு வேஷம் பிடித்துப்போனது. விழுவதில் நான் கெட்டிக்காரன்.

"சரிங்க, செய்றேன். இவருக்கு வெரதம் எத்தன நாளு?" என்று கேட்டேன்.

உபதேசியார் வாயைத் திறந்தவர் மூடவில்லை. இவன் சாமியில்லை, சாமிக்கு எதிரி, இவனுக்கு ஏது விரதம் என்றார். நான் விடவில்லை. எமன் மட்டும் யாருக்குச் செல்லப்பிள்ளை, அவருக்கு இருபத்தொரு நாள் இருக்கிறேனே, காப்புக் கட்டாமல் நான் எந்த வேஷமும் போட்டதில்லை, போடவும் மாட்டேன் என்றேன். ஒரு மணி நேரம் வாதாடினோம். வேதத்துக்கு அடுக்காது, இதைக் காப்பு என்றே ஒத்துக்கொள்ள மாட்டேன், எங்கள் கோயிலில் வைத்தும் கட்டக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். பூசாரி மஞ்சள் துண்டை நூலில் முடிந்துகொண்டே எந்தச் சாமிக்கு என்று கேட்டார். அந்திக்கிறிஸ்துவுக்கு என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, கேள்விப்படாத சாமியா இருக்கே என்று சொல்லிக் கட்டிவிட்டார். அன்றிலிருந்து ஒருவேளைச் சாப்பாடு, கவிச்சி இல்லை, தனிப்பாய். நாடகம் முடிந்து மறுநாள் காப்பு அவிழ்க்கும்வரை தோட்டத்து எல்லையையும் தாண்டக் கூடாது. தாண்டினவனுக்கும் ஆகாது, தாண்ட வைத்தவனுக்கும் ஆகாது என்பது எங்கள் ஆட்களின் கட்டுப்பாடு.

காப்புக் கட்டி ஒன்பதாம் நாள் வந்தது வினை. பன்னிரண்டு பேர் ஒரு செங்குத்தான மலையில் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தோம். மழை கொட்டியது. காலுக்குக் கீழே மண் சரிந்துகொண்டே இருந்தது. இறங்கலாமா என்று கேட்டதற்கு, எங்களை வேலை வாங்கிய கணக்கப்பிள்ளை மேலே ரோட்டில் குடைக்குள் நின்றுகொண்டு முடியாது என்றார். அப்படியானால் நீங்கள் இறங்கி வந்து நிற்பதுதானே என்று நான் கேட்டேன். கேட்டதோடு விட்டேனா, கத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கியும் விட்டேன். மற்ற பதினோரு பேரும் பின்னாலேயே இறங்கிவிட்டார்கள்.

மறுநாள் காலை வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டில் பதினோரு பேரையும் கூப்பிட்டார்கள். என் பேர் வெட்டப்பட்டிருந்தது. ஆபீசுக்குப் போனால் வேலையைவிட்டு நிறுத்துகிற பத்துச்சீட்டு தயாராக இருந்தது. வேலை இல்லை, பதினாலு நாளில் காம்பராவைக் காலி செய்ய வேண்டும். துரையின் கையெழுத்து கீழே பளிச்சென்று இருந்தது.

எங்கே போவது? நான் பிறந்ததே அந்தக் காம்பராவில்தான். இந்தியாவில் எங்கள் ஊர் எது என்று என் அப்பாவுக்கே சரியாகத் தெரியாது. இந்த நாட்டில் எனக்குப் பிரஜாவுரிமை கிடையாது. வேலையிலிருந்து விரட்டப்பட்டவனை வேறு தோட்டத்திலும் சேர்க்க மாட்டார்கள். மனைவிக்கு ஏழாம் மாதம். பத்தடி நீளமுள்ள அந்த ஓர் அறையை விட்டால் எங்கள் மூவருக்கும் உலகத்தில் இடமே இல்லை. வாய் வீரனான எனக்கு அன்றைக்கு அழுகை வந்துவிட்டது.

தோட்டத்துச் சங்கத் தலைவர் விஷயத்தை ஹட்டன் டவுனுக்கு எழுதிப் போட்டார். லேபர் ஆபீசில் விசாரணை வைப்பார்கள், ஒரு மாதம் ஆனாலும் ஆகும், அதுவரைக்கும் காம்பராவை மட்டும் விட்டுவிடாதே, இறங்கிவிட்டால் வேறு ஆளைக் குடிவைத்துவிடுவார்கள், அப்புறம் வழக்கு செத்துப்போகும் என்று சொன்னார். என்னோடு மலையிலிருந்து இறங்கிய பதினோரு பேரையும் சாட்சிக்குக் கேட்டார். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களுக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது. நான் யாரையும் குறை சொல்லவில்லை.

நாடகம் நடக்க வேண்டிய ஞாயிற்றுக்கிழமை மழை பெய்து மேடையே ஓடிவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கு மாற்றினார்கள். அதற்குள் என் கெடு முடிந்துவிட்டது. புதன்கிழமை காலை பெரிய கங்காணி இரண்டு வாச்சர்மாரோடு வந்து நின்றார். அம்மியை வெளியே தூக்கி வைத்தார்கள். பானைகளை வைத்தார்கள். மனைவி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள், எழுந்திருக்கவில்லை.

பெரிய கங்காணி கெட்டவர் இல்லை. காமன் பந்தலுக்கு முதல் தேங்காய் உடைக்கிறவரே அவர்தான். என் மணிக்கட்டைப் பார்த்ததும் அவருக்குச் சங்கடமாகிவிட்டது. காப்போடு இருக்கிறவனை எல்லை தாண்ட வைக்கலாமா என்று ஒரு நிமிடம் நின்றார். பிறகு தன்னையே சமாதானம் பண்ணிக்கொள்வதுபோல, இது நம்ம சாமிக்குக் கட்டினதில்லையே, வேதக்காரங்க நாடகத்துக்குக் கட்டினதுதானே, அவங்களே இதைக் காப்பு இல்லைன்னு சொல்றாங்களாமே என்றார்.

அதற்குள் சேதி மேட்டு லயத்துக்குப் போய்விட்டது. உபதேசியார் ஓட்டமும் நடையுமாக வந்தார். பின்னால் கொழுந்துக் கூடையோடு அவர்கள் லயத்துப் பெண்கள். கங்காணி அவரிடமே கேட்டார், நீங்கள்தானே இது காப்பு இல்லை என்று சொன்னது என்று. பொய் சொல்லத் தெரியாத மனிதரிடம் கேட்டால் என்ன வரும்? ஆமாம், சொன்னேன் என்றுதான் வரும். அப்படித்தான் வந்தது.

"ஆமாங்க, சொன்னேன்" என்றார். "ஆனா மூணு வாரமா பாக்கிறேன். மனுசன் ஒருவேள சோத்துல கெடக்காரு. எங்க தவக்காலத்துல எங்க ஆளுங்க ஒருத்தரும் இப்பிடி இருந்ததில்லீங்க. இனி இத காப்பு இல்லன்னு நான் சொன்னா அதுதாங்க பொய்யி."

கங்காணி நாடகம் என்றைக்கு என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை என்றார் உபதேசியார். அப்படியானால் காப்பு அவிழ்த்த பிறகு வருகிறேன் என்று சொல்லி, அம்மியைத் தானே ஒரு பக்கம் பிடித்து உள்ளே வைத்துவிட்டுப் போனார். துரையிடம் கோயில் விஷயம் என்று சொன்னாராம். கோயில் விஷயத்தில் கை வைத்தால் தோட்டமே வேலைக்கு இறங்காது என்று துரைக்கும் தெரியும்.

சனிக்கிழமை சாயங்காலம் நான் ஒத்திகைக்குப் போனேன். ஹட்டனிலிருந்து இன்னும் கடிதம் வரவில்லை. கோயில் பின்புறம் உபதேசியார் தனியாக நின்றுகொண்டிருந்தார். அவர் முன்னால் மூங்கிலும் தேயிலைப் பெட்டி ஈயத்தாளும் வைத்துக் கட்டிய ஏழு தலை மிருகம். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடைசித் தலையைப் பிடித்து ஒரே முறுக்காக முறுக்கிப் பிடுங்கினார்.

"தல கழண்டுபோச்சு, ஆறு தலைய வச்சி நாடகம் போட முடியாதுன்னு சொல்லப்போறேன். யாரு கழட்டினான்னு அவங்க கேக்க மாட்டாங்க தம்பி" என்றார். முகம் வேர்த்திருந்தது. அவ்வளவு நல்ல மனிதரை எனக்காக இப்படிப் பண்ண வைத்துவிட்டோமே என்று எனக்குத் தாங்கவில்லை. காலைத் தொடக் குனிந்தேன். காப்புக் கட்டினவன் குனியக் கூடாது என்று அதட்டினார். அப்படி ஒரு சட்டம் எங்களிடம் கிடையவே கிடையாது.

அடுத்த ஞாயிறு வந்தது, கடிதம் வரவில்லை. இந்த முறை சம்மனசு வேஷக்காரர் தானாகவே சனிக்கிழமை முழுவதும் தண்ணீர் கொட்டுகிற பீலிக்கரையில் நின்று பள்ளத்தைப் பார்த்துக் கத்தித் தொண்டையைக் கட்டிக்கொண்டு வந்தார். எக்காளம் ஊதி உலக முடிவை அறிவிக்க வேண்டிய சம்மனசுக்குக் குரலே இல்லை, என்ன செய்வது? மேட்டு லயத்தில் இரவு ஜெபமாலையில் உலக முடிவு இன்னும் கொஞ்சம் தாமதமாகட்டும் என்று சேர்த்துச் சொல்ல ஆரம்பித்தார்கள். எங்கள் பள்ளத்து லயத்துப் பெண்களும் அம்மனுக்கு அதையே வேண்டிக்கொண்டார்கள். கணக்கப்பிள்ளைக்குப் பொறுக்கவில்லை. கொழுந்து நிறுக்கிற இடத்தில் உபதேசியாரை மறித்து, எப்போதான்யா முடியும் உங்க உலகம் என்று கேட்டார்.

"அந்த நாளும் நேரமும் யாருக்கும் தெரியாதுங்க. வேதத்துலயே அப்பிடித்தாங்க இருக்கு" என்றார் உபதேசியார். அது அவர் வாழ்க்கையிலேயே சொன்ன மிகச் சுத்தமான உண்மை. கூடையோடு நின்ற பெண்கள் சிரித்த சிரிப்பு தொழிற்சாலைவரை கேட்டது.

கடைசியில் கடிதம் வந்தது. செவ்வாய்க்கிழமை ஹட்டனில் விசாரணை. நான் நேரில் வர வேண்டும். காப்போடு எல்லை தாண்ட முடியாதே. உபதேசியார் விரல்விட்டு எண்ணினார். நாடகம் ஞாயிறு நடந்தால் காப்பு திங்கள் அவிழும், அன்றே சட்டிபானை வெளியே வந்துவிடும். அப்படியானால் உலகம் திங்கட்கிழமை முடியட்டும் என்றார். வேலைநாள்தான், அதனால் என்ன? வேலை விட்டதும் நாலரை மணிக்கு ஆரம்பிப்போம் என்று தோட்டம் முழுவதும் சொல்லி அனுப்பினார்.

அந்தத் திங்கட்கிழமை மாதிரி ஒரு கூட்டத்தை நான் எந்தக் காமன் பந்தலிலும் பார்த்ததில்லை. மேட்டு லயம், பள்ளத்து லயம், பக்கத்துத் தோட்டம் எல்லாம் கோயில் திடலில் கூடிவிட்டது. முன்னால் நாற்காலியில் பெரிய கங்காணி, மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா, கணக்கப்பிள்ளை. ஆறு வாரமாக ஒருவேளைச் சோற்றில் கிடந்த நான் எலும்பும் தோலுமாக, முகத்தில் கரியும் தலையில் ஈயக் கிரீடமுமாக மேடை ஏறினேன். சும்மா சொல்லக் கூடாது, பிள்ளைகள் அலறிவிட்டன.

பொய் அற்புதமெல்லாம் செய்து முடித்தேன். பிறகு அந்தக் கட்டம் வந்தது. முத்திரை வாங்க மாட்டோம் என்ற ஏழைப் புருஷனும் பெண்சாதியும் மூட்டையோடு என் முன்னால் நிற்கிறார்கள். என் முத்திரை இல்லாதவனுக்கு அரிசி இல்லை, அடுப்பு இல்லை, தலைக்கு மேலே கூரை இல்லை, இறங்கு வெளியே என்று நான் சொல்ல வேண்டும். அவர்கள் பேசாமல் கைகூப்பிக்கொண்டு இறங்கிப் போக வேண்டும். ஒத்திகையில் ஐம்பது தடவை சொன்ன வசனம்தான். அன்றைக்கு வரவில்லை. மேடைக்கு நேரே கீழே வயிற்றில் கை வைத்துக்கொண்டு என் மனைவி உட்கார்ந்திருந்தாள். திரைக்குப் பின்னாலிருந்து உபதேசியார் இரண்டு தடவை எடுத்துக்கொடுத்தார். எடுத்த வேஷத்துக்குத் துரோகம் பண்ணக் கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டு அடித்தொண்டையிலிருந்து அந்த வசனத்தைச் சொன்னேன்.

மேடையில் இருந்த இருவரும் மூட்டையைத் தூக்கினார்கள். அப்போது என் மனைவி எழுந்தாள்.

"போக மாட்டோம்" என்றாள். கத்தவில்லை, யாரோ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுவதுபோலச் சொன்னாள்.

மேட்டு லயத்துப் பெண்கள் எழுந்து அதையே சொன்னார்கள். பிறகு பள்ளத்து லயம். பிறகு ஆண்கள். நாடகத்தில் இல்லாத வசனத்தை அத்தனை பேரும் நின்று சொன்னால் அந்திக்கிறிஸ்து என்ன செய்வான்? நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கண்ணீர் இறங்கிக் கரியெல்லாம் கோடு கோடாக வழிந்தது. மேடையில் மூட்டையைத் தூக்கிய இருவரும் அதைக் கீழே வைத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார்கள். கணக்கப்பிள்ளை தன் காலிலிருந்த சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உபதேசியார் இரண்டு காட்சிகளை விட்டுவிட்டு நேரே ஆண்டவர் வருகிற மணியை அடித்துவிட்டார். நான் விழுந்தேன். என் ஆயுளிலேயே அப்படி விழுந்ததில்லை, மேடைப் பலகை இரண்டு உடைந்தது. வேதக்காரர் நாடகத்தில் தப்பு அடிக்கிற வழக்கமில்லை. ஆனாலும் எங்கள் லயத்து ஆட்கள் தப்பை எடுத்து அடித்த அடியில் மலை அதிர்ந்தது.

செவ்வாய் விடியற்காலை பீலியில் தலை முழுகினேன். பூசாரி காப்பை அவிழ்த்தார். நானும் சங்கத் தலைவரும் பஸ்ஸுக்கு ரோட்டுக்கு இறங்கினோம். வளைவு திரும்பினால், அங்கே பதினோரு பேர் நிற்கிறார்கள். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, எண்ணெய் வைத்துச் சீவிய தலை. ஒருநாள் பேரையும் சம்பளத்தையும் விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். அதில் மூத்தவர், பொம்பளையாளுங்க எந்திரிச்சு நின்ன பொறகு நாங்க உக்காந்திருந்தா மீசை வச்சிருக்கிறது எதுக்கு என்றார்.

லேபர் ஆபீசில் துரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணக்கப்பிள்ளை, இவன் ஒருவன்தான் சொல்லுக்குக் கட்டுப்படாமல் இறங்கினான் என்றார். பதினோரு பேரும் ஒருவர் பின் ஒருவராக எழுந்தார்கள். நானும் இறங்கினேன், என் பேரையும் வெட்டுங்கள் என்று பதினோரு தடவை அதே வார்த்தை. சரிந்த மண்ணைப் பற்றியும் குடையைப் பற்றியும் சொன்னார்கள். துரை கணக்கப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்த பார்வையிலேயே அந்தக் கதை அவருக்குப் புதிது என்று தெரிந்தது. கவ்வாத்துக் காலத்தில் பன்னிரண்டு கத்தியையும் இழக்க அவருக்கு என்ன பைத்தியமா? பத்துச்சீட்டை வாங்கி நாலாகக் கிழித்தார். மறுநாள் பெரட்டில் என் பேரைக் கூப்பிட்டார்கள். நான் கொஞ்சம் சத்தமாகவே பதில் சொன்னேன்.

நாங்கள் ஹட்டனில் இருந்தபோது மேட்டு லயத்துப் பெண்கள் யாரும் மலைக்கு இறங்கவில்லையாம். எங்கள் காம்பரா வாசல் இஸ்தோப்பில் ஜெபமாலையோடு உட்கார்ந்திருக்கிறார்கள். பெரிய கங்காணி வந்து பார்த்துவிட்டு, தேத்தண்ணி வாங்கிக் குடித்துவிட்டுப் போனாராம். தை மாதம் அதே காம்பராவில் எங்கள் மகள் பிறந்தாள்.

உபதேசியாரைத்தான் மனம் உறுத்திக்கொண்டே இருந்தது. அடுத்த முறை சாமியார் வந்தபோது மிருகத்தின் தலையைப் பிடுங்கியதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியிருக்கிறார். அவரே பிறகு என்னிடம் சொன்னதுதான். சாமியார், அந்தத் தலையை நீயே திரும்ப ஒட்டிவிடு, அதுதான் அபராதம் என்றாராம்.

அதன் பிறகு எத்தனையோ பேர் உலகம் முடியப் போகிறது, அந்திக்கிறிஸ்து வரப்போகிறான் என்று என்னிடம் வந்து பயமுறுத்திவிட்டார்கள். எனக்குப் பயமே வருவதில்லை, ஏனென்றால் ஒரு கூலிக்காரனின் காம்பராவுக்காக உலக முடிவையே மூன்று முறை தள்ளிப்போட்ட சனங்களுக்கு நடுவில் நான் வாழ்ந்திருக்கிறேன்.